லிட்டில் இந்தியாவுக்குப் பல்லோடு போய், பல்லோடு திரும்பினேன்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் படத்தில் வரிகள் மேடு பள்ளமாகத் தெரியும். கோடு போட்ட தாளில்தான் எழுதினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டை விட்டு ஏறுகின்றன, இறங்குகின்றன. ‘இ’ எழுதும்போது என் கை எப்போதும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிடும். எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. தினமும் காலைக் காப்பிக்குப் பிறகு ஒரு பக்கம் என்று மெதுவாக எழுதியது இது. பக்கங்களைப் படம் எடுத்து, கீழே தட்டச்சு செய்து போடுவது எங்கள் வகுப்பு ஆசிரியை மல்லிகா. பிழையைத் திருத்தலாம், வேறு எதையும் மாற்றக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வகுப்பு கிளமெண்டியில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு. வாரம் ஒருவர், தான் போய்வந்த இடத்தைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுத வேண்டும். எனக்கு முன்னால் எழுதியவர்கள் ஜொகூருக்கும் பினாங்குக்கும் போனவர்கள். நான் போனது கிளமெண்டியிலிருந்து லிட்டில் இந்தியா வரைதான். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் யாராவது ரூட் கேனல் செய்துகொள்ள வேண்டியிருந்து, கைத்தொலைபேசியில் எதையாவது படித்துவிட்டுப் பயந்துபோய் இருந்தால், அவர்களுக்குப் பினாங்கைவிட இந்தப் பயணம்தான் உதவும்.

காரணத்தைச் சொல்கிறேன். என் கீழ்வரிசையில் வலது பக்கம் ஒரே ஒரு கடைவாய்ப் பல்தான் மிச்சம். கழற்றி மாட்டும் பல்செட்டின் கொக்கி அந்தப் பல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது போனால் பல்செட் நிற்காது. பல்செட் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடும் சரியில்லை, பேச்சும் சரியில்லை. வகுப்பில் நான் சத்தமாக வாசிப்பது யாருக்கும் புரியாமல் போய்விடும். இத்தனை வயதுக்கு மேல் வாசிக்கக் கற்றுக்கொண்டு, வாசிப்பது புரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? போன மாதம் அந்தப் பல் வலிக்க ஆரம்பித்தது. சூடான டீ பட்டால் உச்சந்தலை வரை ஏறியது. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் பல் மருந்தகத்தில், கிளினிக் என்பார்களே அதில், படம் எடுத்துப் பார்த்தார்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு அழுகிவிட்டது, வேருக்குள் சுத்தம் செய்து அடைத்தால் பல்லைக் காப்பாற்றலாம், அதுதான் ரூட் கேனல் என்று டாக்டர் சொன்னார். ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை வகுப்பில், புத்தகத்தில் இல்லாத எதையாவது வாசித்துக் காட்டுங்கள் என்றார் மல்லிகா. நான் என் கைத்தொலைபேசியைத் திறந்தேன். ஜூரோங் கப்பல் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை ஒரு நீளமான செய்தி வந்திருந்தது. போட்டவன் என் நண்பன் ஹனிபா. பட்டறைச் சாமான் கிடங்கில் இருந்தவன். நாங்கள் எல்லோரும் அவனைப் பாய் என்று கூப்பிடுவோம். இங்கத்துப் பேச்சுப்படி வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘லா’ போட்டுப் பேசுவான். அந்தச் செய்தியை எழுந்து நின்று வாசித்தேன்.

“ரூட் கேனல் செய்த பல் வாய்க்குள் கிடக்கும் பிணம். அதிலிருந்து விஷம் உடல் முழுவதும் பரவுகிறது. புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ரூட் கேனல் செய்தவர்கள். பல் டாக்டர்கள் இதை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள்.”

இவ்வளவு வாசிப்பதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது. யார் உதவியும் இல்லாமல் நான் வாசித்த முதல் நீளமான எழுத்து அது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சந்தோஷமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நான் வாசித்தது என்ன என்று மனதில் ஏறியது. கை தானாக வலிக்கும் பக்கக் கன்னத்துக்குப் போனது.

படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் என் நிலையை யோசித்துப் பாருங்கள். வாயால் சொல்பவனைச் சந்தேகப்பட எனக்கு நன்றாகத் தெரியும். குரலை வைத்தும் கண்ணை வைத்தும் கண்டுபிடித்துவிடுவேன். பட்டறையில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஆனால் எழுத்து வேறு. இத்தனை வருடங்களாக எனக்கு எழுத்து என்றால் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதம், மருந்துப் பொட்டலத்து மேலே ஒட்டிய தாள், எரிவாயு இருக்கும் தொட்டிக்கு முன்னால் தொங்கும் அபாயப் பலகை. அடுத்தவர்தான் வாசித்துச் சொல்வார்கள். அதில் ஒன்றுகூடப் பொய்யாக இருந்ததில்லை. எழுத்தைச் சந்தேகப்படலாம் என்பதே எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மருந்தகத்துக்குப் போன் செய்து, ரூட் கேனல் வேண்டாம், பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொன்னேன். போனை எடுத்த பெண், “அங்கிள், அதே டைமுக்கு வாங்க, டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணலாம்,” என்றாள். அன்றிலிருந்து கன்னமும் வீங்க ஆரம்பித்தது. பேசினால் வலித்தது. அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனி பயணம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கிளமெண்டி ரயில் நிலையத்தில் ஹனிபாவைச் சந்தித்தேன். பல் பிடுங்கியவன் தனியாக வரக் கூடாது என்று அவனே துணைக்குக் கிளம்பிவிட்டான். போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோட்டு ரயிலில் ஏறி ஊட்ரம் பார்க்கில் இறங்க வேண்டும். அங்கே ஊதாக் கோட்டுக்கு மாறினால் நான்காவது நிலையம் லிட்டில் இந்தியா. மாறுவதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், நகரும் மின்படி உண்டு. முதியோர் அட்டையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர்கூடக் கழியவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். முன்பெல்லாம் நான் நிறத்தைப் பார்த்தும் நிலையங்களை விரல்விட்டு எண்ணியும்தான் போவேன். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பி வேறு எங்காவது போய் இறங்குவேன். இப்போது அந்தக் கவலை இல்லை.

ரயிலில் உட்கார்ந்ததும் கைத்தொலைபேசியை எடுத்தேன். டாக்டரிடம் அந்தச் செய்தியைப் பற்றிக் கேட்கும்போது ஒரு சொல்கூட மாறக் கூடாது என்று, வகுப்பில் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். நான் வாசிப்பது மெதுவாகத்தான். ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். எதையும் தாண்டிப் போக எனக்குத் தெரியாது.

“இன்னுமா படிக்கிற?” என்றான் ஹனிபா, குவீன்ஸ்டவுன் தாண்டியதும்.

“நீ அனுப்பினதுதான் பாய். நீளமா இருக்கு.”

“அதான் தெரிஞ்சுபோச்சுல்ல, வெசம்னு. அதுக்கு மேல என்ன இருக்கு?”

அதற்கு மேல் நிறைய இருந்தது. ‘ஒரு பெரிய டாக்டர் சொன்னார்’ என்று இருந்தது. எந்த டாக்டர் என்று இல்லை. ‘வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று இருந்தது. எந்த நாடு என்று இல்லை. ‘உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்று இருந்தது. ஊட்ரம் பார்க்கில் இறங்கி, ஊதாக் கோட்டில் ஏறி, மறுபடியும் விட்ட இடத்தைப் பிடித்தேன். டோபி காட் நிலையத்தில் ரயில் நிற்கும்போது கடைசி வரிகளுக்கு வந்துவிட்டேன். அழுகிய பல்வேரை வீட்டிலேயே குணமாக்கும் மூலிகை எண்ணெய், ஒரு புட்டி நாற்பத்தைந்து வெள்ளி, இருப்பு குறைவு, இன்றே அழையுங்கள் என்று ஒரு தொலைபேசி எண்.

ஹனிபாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான்.

“பாய், நீ இத படிச்சியா?”

“மேல நாலு வரி படிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அனுப்பிட்டேன். உயிர காப்பாத்துறதுன்னா லேட் பண்ணலாமா லா?”

எனக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, இறங்குவதற்கு எழுந்து நின்ற ஹனிபாவின் முதுகில் வைத்து, கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். ரயில் ஆட்டத்தில் அந்த வரி மட்டும் புழு நெளிவதுபோல் வந்துவிட்டது.

லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கம் போகும் வாசல் வழியாக மேலே ஏறுங்கள். நிலையத்தின் பெயரைத் தமிழில் வாசித்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன். எத்தனையோ வருடமாக மளிகைக்கும் கோயிலுக்கும் வந்துபோன இடம், அன்றுதான் பேச ஆரம்பித்தது. பூக்கடைப் பலகை, நகைக்கடைப் பலகை, “இங்கே சைக்கிள் நிறுத்தாதீர்” என்று ஒரு சுவர். எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே நடந்ததில் ஐந்து நிமிட நடை கால் மணி நேரம் ஆனது. ஹனிபா முன்னால் போய் நின்று நின்று திட்டினான். மருந்தகம் பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. முழங்கால் வலி இருப்பவர்கள் லிஃப்ட் உள்ள வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

டாக்டர் அகிலா முப்பது வயது தாண்டாத பெண். வாயைத் திறக்கச் சொன்னார். பாதிதான் திறந்தது. பேசவும் கஷ்டமாக இருந்ததால் தாளை நீட்டினேன். அதுவரை என் எழுத்தை வகுப்புக்கு வெளியே யாரும் வாசித்ததில்லை. டாக்டர் தாளைக் கையில் வாங்கினார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். எழுத்து அவ்வளவு மோசமா?

“சாரி அங்கிள். ஸ்கூல் முடிச்சதோட தமிழ் படிக்கிறத விட்டுட்டேன். கொஞ்சம் ஸ்லோவா தான் வரும், ஓகேவா?”

பிறகு விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். செ, த், த, ப, ல். செத்த பல். விரல் வைக்கும் விதமும், ஒரு சொல் கிடைத்ததும் தலையை ஆட்டும் விதமும் அப்படியே எங்கள் வகுப்பு. நான் கூடவே வாய்க்குள் வாசித்தேன்.

ஹனிபா சும்மா இருப்பானா? “நீங்க ரெண்டு பேரும் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பல்லு தானா விழுந்துரும் டாக்டர்.”

டாக்டர் சிரித்துவிட்டு முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். “பல்லு பிணம் இல்ல அங்கிள். உள்ள இருக்கிற நரம்புதான் போயிருச்சு. சுத்தி இருக்கிற எலும்பும் ஈறும் உயிரோட அத பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. அழுகினத அப்படியே விட்டாத்தான் ஆபத்து. இப்ப உங்க கன்னம் வீங்கியிருக்கே, அது எதனால? ரூட் கேனல் செஞ்சதாலயா, செய்யாததாலயா?”

இரண்டாவது கேள்வி, புற்றுநோய் வருமா.

“வராது. வரும்னு காட்டுற சரியான ஆதாரம் எதுவும் இல்ல. ரொம்ப காலத்துக்கு முன்னால அப்படி ஒரு பேச்சு கிளம்புச்சு. அப்புறம் ஒழுங்கா டெஸ்ட் பண்ணிப் பாத்தா, அது நிக்கல. ஆனா மெசேஜ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு.”

“அப்ப கேன்சர் வந்தவங்க நிறைய பேரு இத செஞ்சிருக்காங்கன்னு போட்டிருக்கே?” என்று ஹனிபா எனக்காகக் கேட்டான்.

“வயசானவங்க நிறைய பேரு ரூட் கேனல் செஞ்சிருப்பாங்க. கேன்சரும் வயசானவங்களுக்குத்தான் அதிகம் வருது. ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?”

ஹனிபா தன் வழுக்கையைத் தடவினான். “கரெக்ட் தான் லா. நாப்பது வருஷம் தினம் டீ குடிச்சேன், முடி கொட்டிருச்சு. டீயையா குத்தம் சொல்றது?”

மூன்றாவது கேள்வி, இதில் ஆபத்தே இல்லையா. இதற்கு டாக்டர் சொன்ன பதில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவைத்தது. “ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு நாள் வலி இருக்கும். சில பேருக்குச் சரியா ஆறாது, திரும்பச் செய்யணும், இல்லன்னா எடுக்கணும். பல்லு உடையாம இருக்க மேல மூடி போடணும். ஆனா பெரும்பாலும் நல்லா வரும். உங்க பல்லுக்கு வேர் பலமா இருக்கு, காப்பாத்தலாம்.” வாட்ஸ்அப் செய்தியில் எல்லாமே நிச்சயமாக இருந்தது. இவர் தெரிந்ததைத் தெரியும் என்றார், சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்றார்.

நான்காவதாக, பிடுங்கினால் என்ன என்று கேட்டிருந்தேன். பிடுங்கலாம், ஆனால் பல்செட்டுக்குப் பிடி போய்விடும், புதிதாக வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். கடைசியில் ரயிலில் எழுதிய வரி. அதை வாசிக்க அவருக்கு அதிக நேரம் பிடித்தது. ‘இதை எழுதியவர் ஏன் தன் பெயரைப் போடவில்லை?’

டாக்டர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். “அங்கிள், இது கேள்வி இல்ல. இதுதான் பதில்.”

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, முடிந்தவரை வாயைத் திறந்தேன்.

பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி குத்தும்போது சுருக்கென்றது. பிறகு பாதி முகம் என்னுடையதாகவே இல்லை. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டார்கள். பல்லில் ஓட்டை போட்டு, அதன் வழியாக மெல்லிய கம்பிகளை விட்டுச் சுரண்டினார்கள், மருந்துத் தண்ணீரால் கழுவினார்கள், நடுவில் படம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி சுரண்டினார்கள். பட்டறையில் நான் செய்ததும் இதே வேலைதான். கப்பலின் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவி, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் மூடுவோம். என்ன, நான் உள்ளே இறங்கிச் செய்ததை அவர் வெளியே உட்கார்ந்து செய்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் வலித்தது. உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் போய் முழுதாக அடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது டாக்சி எடுத்தோம். சுமார் பதின்மூன்று கிலோமீட்டர், பத்தொன்பது வெள்ளி. ஓட்டுநர் தமிழர். கண்ணாடியில் என் கன்னத்தைப் பார்த்தார்.

“பல்லு புடுங்கிட்டாங்களா அங்கிள்?”

எனக்கு நாக்கு மரத்திருந்தது. ஹனிபா பதில் சொன்னான். “புடுங்கல. ரூட் கேனல்.”

“ஐயோ, அது கேன்சர்ல கொண்டுபோய் விடும்னு மெசேஜ் வந்துச்சே?”

“கடைசி வரைக்கும் படிச்சீங்களா?”

“இல்ல, கொஞ்சம்...”

“யாரும் படிக்கல லா. நானும் படிக்கல, எனக்கு அனுப்பினவனும் படிச்சிருக்க மாட்டான். எல்லாரும் ஸ்கூல் போனவங்க. இவன் போன வருஷம்தான் அனா ஆவன்னா கத்துக்கிட்டான். இவன் ஒருத்தன்தான் முழுசா படிச்சான். கீழ எண்ணெய் விக்கிறான் டிரைவரே, எண்ணெய்!”

கிளமெண்டி வரை இதையே மூன்று தடவை சொல்லிக்கொண்டு வந்தான். நான் பேச முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச முடிந்திருந்தாலும் குறுக்கே பேசியிருக்க மாட்டேன்.

போகப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போன வாயோடு சாப்பிடாதீர்கள், கன்னத்தைக் கடித்துவிடுவீர்கள். பிறகு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் நல்லது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கம் பெரிதானாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலோ குறித்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். செலவு இடத்துக்கு இடம் மாறும், கடைவாய்ப் பல்லுக்கு அதிகம், மூடிக்குத் தனிக் கட்டணம். முதியோர் சலுகை எவ்வளவு கழியும் என்று நாற்காலியில் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கைத்தொலைபேசியில் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்திலும் பொய் உண்டு. இதை எழுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். யார் சொன்னது என்று பெயர் இருக்கிறதா, அவசரப்படுத்துகிறதா, கடைசியில் எதையாவது விற்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தாலும் போதாது. உங்கள் வாயைத் திறந்து பார்த்த டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். மெதுவாகப் படியுங்கள். மெதுவாகப் படிப்பது குறை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பட்டறை நண்பர்கள் குழுவில் என் முதல் செய்தியைப் போட்டேன். அதுவரை குரல் பதிவுதான் அனுப்புவேன். ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதியது இது: “ரூட் கேனல் பற்றி வந்த செய்தியை முழுதும் படித்தேன். எழுதியவர் பெயர் இல்லை. கடைசியில் எண்ணெய் விற்கிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். நேற்றுச் செய்துகொண்டேன். பல் இருக்கிறது. மாரிமுத்து.”

பிறகு பட்டறையில் எனக்கு மேஸ்திரியாக இருந்தவர் கேட்டிருந்தார்: “மாரி, யாரு எழுதிக் குடுத்தது?”

நான் எழுத்துகளைத் தேடி எடுத்து ஒரே ஒரு சொல் அனுப்பினேன்.

“நானே.”

வருகிற வியாழக்கிழமை பல்லுக்கு மூடி போடுகிறார்கள். அதே ரயில், அதே செங்குத்துப் படி. டாக்டர் அகிலா தமிழில் வாசித்துப் பழக வேண்டுமாம், இன்னொரு தாள் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அதை முடித்துவிட்டு, என் முறை மறுபடி வரும்போது உங்களுக்கும் எழுதுவேன். அதற்குள் ‘இ’யை ஒரு சுற்றோடு நிறுத்தப் பழகிக்கொள்கிறேன்.

இதை எழுதியவன்,
மாரிமுத்து, கிளமெண்டி.